வளவு இருட்டும் 700 எம்பி கணக்கும்

எங்க பங்காளி வட்டாரத்துல டிவிடி டிரைவ் இன்னும் உருப்படியா ஓடுற கம்ப்யூட்டர் என்கிட்ட மட்டும்தான் இருக்கு, அதனாலதான் பழைய டிஸ்க்கையெல்லாம் ஃபைலா மாத்துற இந்த வேலை என் தலையில விடிஞ்சுது, வேற தனித் திறமையெல்லாம் ஒண்ணும் கிடையாது. இப்ப வர்ற லேப்டாப்ல டிரைவே இல்லை, டிவிடி பிளேயரெல்லாம் எப்பவோ எடைக்குப் போட்டாச்சு, ஆனா டிஸ்க் மட்டும் வீட்டுக்கு வீடு அலமாரி நெறைய உக்காந்திருக்கு. கல்யாணம், முன்னோருக்குச் செய்யுற படைப்பு, அறுபதாம் கல்யாணம்னு சென்னையில இருந்தும் கோலாலம்பூர்ல இருந்தும் ஊருக்கு வர்றவங்க, வருஷம் பூரா பூட்டிக் கெடக்குற பள்ளத்தூர் கானாடுகாத்தான் வீட்டையெல்லாம் தெறந்து ஒதுங்க வைக்கிறப்ப ரெண்டாங்கட்டு அலமாரியில ஒரு மஞ்சப்பை டிஸ்க் சிக்கும், சிக்குனா நேரா காரைக்குடிக்கு எங்க வீட்டுக்கு வந்துரும். கூடவே ஒரு உத்தரவும் வரும். "சும்மா பென் டிரைவுல ஏத்திக் குடுப்பா, அஞ்சு நிமிஷ வேலைதானே."

அஞ்சு நிமிஷத்துல ஆகாதுங்கிறத ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்லி அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சிடுறேன், இனிமே கேக்குறவங்களுக்கு இதையே அனுப்பிடுவேன்.

பையில வர்றது மூணு ரகம். 2000த்த ஒட்டி வந்த விசிடி, ஒரு படத்துக்கு ரெண்டு இல்லைன்னா மூணு டிஸ்க்கு. அப்புறம் கடையில வாங்குன டிவிடி, 2007 வாக்குல மோசர் பேர் விசிடி 28 ரூபா டிவிடி 34 ரூபான்னு இறக்குனப்போ பொட்டிக்கடை வரைக்கும் தொங்குச்சே, அந்தக் காலத்துது நெறைய. மூணாவது கல்யாண டிவிடி, ஸ்டூடியோவுல எழுதிக் குடுத்தது, மேல மாப்பிள்ளை பொண்ணு போட்டோவ ஸ்டிக்கரா ஒட்டியிருப்பாங்க.

கல்யாண டிவிடி சரி, சினிமா டிஸ்க்க எதுக்கு மாத்தணும், நெட்டுலதான் எல்லாப் படமும் கெடக்கேன்னு பெரியாத்தாகிட்ட கேட்டேன். நெட்டுல கெடக்குறது பாதிப் படம், பாட்ட வெட்டியிருப்பாங்க, மூலையில ஏதாவது ஒரு லோகோ உக்காந்திருக்கும், திடீர்னு ஒருநாள் படமே இருக்காதுன்னு அவங்க பேத்தி பதில் சொல்லுச்சு. பெரியாத்தாவோட காரணம் வேற. எங்க பக்கத்து வீடுகள்ல படம் எடுக்காத டைரக்டர் கம்மி, கதையில பண்ணையார் வீடு ஜமீன் வீடுன்னு வந்தாலே யூனிட்டு இந்தப் பக்கம் வண்டி ஏறிடும், அதுக்கும் முன்னாடி நாற்பதுகள்ல ஏவிஎம் ஸ்டூடியோவே காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவுலதான் இருந்துச்சு, அப்புறம்தான் கோடம்பாக்கம் போனாங்க. அதனால அலமாரிக்கு அலமாரி "நம்ம வீடு வர்ற படம்"னு ஒரு டிஸ்க் இருக்கும். படம் நல்லாருக்கா இல்லையாங்கிறது பேச்சே கிடையாது, ஹீரோயின் எந்தத் தூணப் புடிச்சுக்கிட்டு அழுவுதுங்கிறதுதான் விஷயம்.

சரி, வேலைக்கு வருவோம். எல்லாரும் சுருக்குறதப் பத்தியே பேசுறாங்க, எந்த கோடெக் (படத்தச் சுருக்குற முறை), எத்தனை எம்பி, எவ்ளோ சீக்கிரம். என்னக் கேட்டா அது கடைசி வேலை. டிஸ்க்குல இருக்குறத இருக்குறபடி ஹார்ட் டிஸ்க்குல இறக்குறதுதான் முதல் வேலை, அதுதான் நேரத்த முழுங்குற வேலையும். ஒரு லேயர் டிவிடியில 4.7 ஜிபி புடிக்கும், ரெண்டு லேயர்னா 8.5 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க்குல எப்படியும் நூறு டிவிடிக்கு மேல அப்படியே நிக்கும். அதனால சுருக்குன ஃபைலோட சேத்து ஒரிஜினலையும் வச்சிக்க முடியும், பத்து வருஷம் கழிச்சு இத விட நல்ல கோடெக் வந்தா அதுல இருந்து மறுபடி சுருக்கிக்கலாம். சுருக்குனதுல இருந்து சுருக்குனா போனது போனதுதான். நேரா ஹேண்ட்பிரேக்குங்கிற சுருக்குற சாஃப்ட்வேர்ல டிஸ்க்கப் போட்டு பட்டனை அமுக்குறவங்களுக்கு நான் சொல்றது இதுதான், டிரைவ ஒரே ஒரு தடவை ஓட விடுங்க, முழுசா இறக்குங்க, அப்புறம் ஃபைல வச்சிக்கிட்டு எத்தனை தடவை வேணா விளையாடுங்க. டிஸ்க்கும் தேயாது, டிரைவும் தேயாது.

டிவிடியத் தெறந்தா வீடியோ_டிஎஸ்னு ஒரு ஃபோல்டர், உள்ள ஒவ்வொண்ணும் 1 ஜிபிக்கு மேல போகாத விஓபி ஃபைலுங்க வரிசையா இருக்கும். கல்யாண டிவிடியில இத அப்படியே இழுத்துப் போட்டா வந்துரும், பூட்டு கிடையாது. கடை டிவிடியில பாதிக்கு மேல பூட்டு உண்டு, சிஎஸ்எஸ்னு பேரு, இழுத்துப் போட்டா ஃபைல் வந்த மாதிரி வரும், தெறந்தா பச்சையும் ரோஸுமா கட்டம் கட்டமா ஓடும். 40 பிட் சாவி, அந்தக் காலத்துக்கே பலவீனம். 1999ல நார்வேயில யோன் லெக் யோஹான்சன்னு ஒரு பள்ளிக்கூடப் பையனும் கூட சிலரும் சேந்து அத உடைச்சு புரோகிராம வெளியில விட்டாங்க, லினக்ஸ்ல டிவிடி பாக்கணும்னுதான் ஆரம்பிச்சதாம், கேஸ் போட்டு 2003ல கோர்ட் விடுதலை பண்ணிடுச்சு. இன்னைக்கி விஎல்சி பிளேயர் எந்த டிவிடியப் போட்டாலும் சத்தமில்லாம ஓட்டுதுன்னா அந்த வழியில வந்த லைப்ரரி உள்ள இருக்குறதாலதான். ஹேண்ட்பிரேக் தானா பூட்டத் தெறக்காது, அதுக்கு மேக்எம்கேவி மாதிரி தனி புரோகிராம் ஒண்ணு வேணும்.

சட்டம் பத்திக் கேக்குறவங்களுக்கு: நம்ம பதிப்புரிமைச் சட்டத்துல சொந்த உபயோகத்துக்குன்னு ஒரு விலக்கு இருக்கு, 2012ல திருத்துனப்ப சேத்த 65ஏ பிரிவு, உரிமைய மீறுற நோக்கத்தோட பூட்ட உடைக்கிறதத்தான் குத்தம்ங்குது. நான் வக்கீல் இல்லை. ஆனா என் வரைக்கும் ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன், டிஸ்க்கு யாருதோ ஃபைல் அவங்களுக்கு மட்டும்தான், "அந்தப் படத்த எனக்கும் ஒரு காப்பி போடேன்"னு சித்தப்பா மகன் மலேசியாவுல இருந்து கேட்டா கெடைக்காது. கோவிச்சுக்கிட்டுதான் இருக்கான்.

எந்த ஊரு டிஸ்க் எந்த ஊரு டிரைவுல ஓடணும்னு பிரிச்சு வைக்கிற ரீஜன் கோடுன்னு ஒரு தொல்லை வேற. இந்தியாவுக்கு 5, மலேசியா சிங்கப்பூருக்கு 3, அமெரிக்காவுக்கு 1. தமிழ்ப்பட டிஸ்க்குல பெரும்பாலும் இந்தப் பிரச்சினை வராது, பேத்திக்கு அமெரிக்காவுல இருந்து வாங்கிட்டு வந்த கார்ட்டூன் டிஸ்க்குலதான் வரும். கம்ப்யூட்டர் டிரைவுல ரீஜன அஞ்சு தடவைதான் மாத்த முடியும், அஞ்சாவதா எது வச்சீங்களோ அதுதான் சாகுற வரைக்கும். கேக்குற பெட்டி வந்ததும் படபடன்னு ஓகே குடுத்துறாதீங்க.

இப்ப கல்யாண டிவிடி, இதுலதான் உண்மையான போராட்டம். அச்சடிச்ச டிஸ்க்குல விவரம் பள்ளமாவே பதிஞ்சிருக்கும், வீட்டுல ஸ்டூடியோவுல எழுதுற டிஸ்க்குல ஒரு சாயத்துல லேசர் சுட்டு எழுதுது, அந்தச் சாயம் வெயில்லயும் ஈரத்துலயும் வெளுக்கும். டிஸ்க்க நடுவுல இருந்து ஓரத்துக்குத்தான் எழுதுவாங்க, கெட்டுப்போறது பெரும்பாலும் ஓரத்துல இருந்து ஆரம்பிக்கும், அதனால எந்த வீட்டுக் கல்யாண டிஸ்க்க எடுத்தாலும் மாப்பிள்ளை அழைப்பு ஜம்முனு ஓடும், தாலி கட்டுற திருப்பூட்டு ஓடும், கடைசியில பொண்ண அனுப்புற கட்டத்துல வந்து திக்கித் திணறி நிக்கும். அழுவுற சீன் மட்டும் யார் வீட்டு டிவிடியிலயும் முழுசா இல்லை. மேல ஒட்டியிருக்குற போட்டோ ஸ்டிக்கர் இன்னொரு வில்லன், பசை காஞ்சு ஒரு பக்கம் இழுக்க டிஸ்க் லேசா வளைஞ்சு போயிரும், டிரைவுல சுத்துறப்ப வீடே அதிருற மாதிரி சத்தம் வரும். அதுக்காக ஸ்டிக்கர உரிக்காதீங்க, கூடவே வரக் கூடாததெல்லாம் வந்துரும். வேகத்தக் கொறைச்சு ஓட்டுங்க, அது போதும்.

தொடைக்கிறதுக்கு டூத்பேஸ்ட்டும் வேண்டாம், தேங்கா எண்ணெயும் வேண்டாம். சாதாத் தண்ணி, பழைய வேட்டித் துணி, நடுவுல இருந்து வெளிய நேர்கோடா இழுக்கணும். வட்டமா தொடைச்சா கீறல் டேட்டா ஓடுற வழியிலேயே நீளமா விழுந்துரும், குறுக்க விழுந்த கீறல டிரைவ் தன்னோட பிழை திருத்துற கணக்க வச்சு சமாளிச்சுக்கும், நெடுக விழுந்தா கையத் தூக்கிரும். விசிடியில இன்னொரு சங்கதி, எல்லாரும் பளபளப்பா இருக்குற பக்கத்தத்தான் பொத்திப் பொத்தி வைக்கிறாங்க, ஆனா அலுமினியப் பூச்சு இருக்குறது பேர் எழுதியிருக்குற பக்கத்துக்கு அடியில, மேல ஒரு மெல்லிசு அரக்குத்தான். பால்பாயின்ட் பேனாவால அழுத்தி "கல்யாணம் பார்ட் 2"ன்னு எழுதுன இடத்துல டேட்டாவே போயிருக்கும். டிவிடியில ரெண்டு தகட்ட ஒட்டி நடுவுல வச்சிருக்காங்க, அதனால அந்தப் பயம் கொஞ்சம் கம்மி.

அப்படியும் வாசிக்கலைன்னா டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச புரோகிராம், லினக்ஸ்ல ஓடும். அதோட புத்தி எனக்கு ரொம்பப் புடிக்கும். கெட்ட எடத்துல முட்டிக்கிட்டு நிக்காம, முதல்ல சுளுவா வர்றத எல்லாம் வாரிக்கிட்டு, எங்கெங்க விட்டுச்சுன்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சிக்கும். அப்புறம் திரும்பி வந்து ஓட்டை இருக்குற எடத்த மட்டும் மெதுவா சொரண்டும். ராத்திரி நிறுத்திட்டு மறுநாள் விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்கலாம், வேற டிரைவுல மாத்திப் போட்டும் அதே மேப்ப வச்சுத் தொடரலாம், ஒரு டிரைவ் வாசிக்காதத இன்னொண்ணு வாசிச்சுரும், எது நல்ல டிரைவ்னு முன்கூட்டியே சொல்லவே முடியாது, என்கிட்ட இருக்குறதுலயே மட்டமான யூஎஸ்பி டிரைவுதான் நெறைய டிஸ்க்க காப்பாத்தியிருக்கு.

இதுல எங்க ஊருக்குன்னே ஒரு வசதி உண்டு. ஒரு கல்யாணம்னா டிவிடி ஒண்ணோட நிக்காது, பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, பெரியப்பச்சி வீடு, அயித்தை வீடுன்னு ஆளுக்கொரு காப்பி போயிருக்கும். எல்லாம் ஒரே இமேஜ்ல (முழு டிஸ்க்கோட அச்சு நகல்ல) இருந்து எழுதுனதா இருந்தா, ஒரு காப்பியில வாசிக்க முடியாத செக்டர, அதாவது டிஸ்க்கோட சின்னத் துண்ட, இன்னொரு காப்பியில இருந்து அதே மேப் ஃபைல வச்சு எடுத்து நிரப்பிடலாம். பள்ளத்தூர் காப்பியில போன எடம் தேவகோட்டை காப்பியில இருந்துச்சு. ரெண்டு வீட்டுக்கும் பத்து வருஷமா பேச்சுவார்த்தை கெடையாது, டிஸ்க்க மட்டும் நான் போய் வாங்கிட்டு வந்தேன், எதுக்குன்னு ரெண்டு பக்கமும் சொல்லலை.

விசிடிக்கு வருவோம். 1993ல வந்த சங்கதி, எம்பெக் 1ங்கிற பழைய கோடெக், நம்ம ஊரு டிவியோட பால்ங்கிற (PAL) முறையில 352க்கு 288 புள்ளிதான் மொத்தப் படமே, ஒரு டிஸ்க்குல 74ல இருந்து 80 நிமிஷம். 700 எம்பி சிடியில கிட்டத்தட்ட 800 எம்பி எப்படி ஏத்துனாங்கன்னு பாத்தா, சாதா டேட்டா சிடியில ஒவ்வொரு செக்டர்லயும் பிழை திருத்துறதுக்குன்னு கூடுதலா ஒரு எடம் விடுவாங்க, 2048 பைட்டுதான் நம்ம டேட்டாவுக்கு. விசிடியில அந்தக் கூடுதல் பாதுகாப்ப எடுத்துட்டு 2324 பைட்டு வரைக்கும் படத்துக்கே குடுத்துட்டாங்க. படத்துல ஒரு புள்ளி போனா யாருக்குத் தெரியப்போகுதுன்னு. பிளேயர்ல அது சரிதான், கொஞ்சம் கட்டம் கட்டமா தெரியும், தாண்டிப் போயிரும். கம்ப்யூட்டர்ல படம் இருக்குற டேட் ஃபைல காப்பி பண்றப்ப ஒரு செக்டர் வாசிக்கலைன்னாலும் விண்டோஸ் எரர் அடிச்சு மொத்தத்தையும் கைகழுவிடும். டிஸ்க் செத்துருச்சுன்னு நெனச்சு தூக்கிப் போட்டவங்க எத்தனையோ பேர். ஐசோபஸ்டர் மாதிரி விசிடி செக்டரப் புரிஞ்சிக்கிற புரோகிராம்ல எடுத்தா கெட்டத விட்டுட்டு மிச்சத்த எடுத்துக் குடுத்துரும்.

எடுத்தப்புறம் விசிடியச் சுருக்காதீங்க. அதுல சுருக்குறதுக்கு என்ன இருக்கு, ஏற்கனவே கசக்கிப் பிழிஞ்சதுதான். மூணு டிஸ்க்க ஒண்ணா ஒட்டி எம்கேவிங்கிற ஃபைலா மாத்தி வைங்க, எஃப்எஃப்எம்பெக்குங்கிற புரோகிராம்ல மறுபடி சுருக்காம காப்பி மட்டும் பண்ற வழி இருக்கு, ஒரு நிமிஷத்துல முடியும். இதுதான் மொத்த வேலையிலயும் நெசமாவே அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஆகுற ஒரே வேலை.

இனி 700 எம்பி. அந்தக் காலத்துல நெட் சென்டர்ல சுத்துன படமெல்லாம் 700 எம்பிக்குத்தான் இருக்கும், ஏன்னா ஒரு சிடியில அடங்கணும். மைக்ரோசாஃப்டோட எம்பெக் 4 கோடெக்க யாரோ நோண்டி டிவ்எக்ஸ்னு வெளியில விட்டதுல இருந்து ஆரம்பிச்ச பழக்கம், எக்ஸ்விட் வந்தப்பவும் தொடர்ந்துச்சு. இங்கிலீஷ் படம் 100 நிமிஷம், 700 எம்பியில சவுண்டுக்கு 128 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) ஒதுக்குனது போக 850 கேபிபிஎஸ் படத்துக்கு மிஞ்சும், பாக்குற மாதிரி இருக்கும். நம்ம படம் ரெண்டரை மணி நேரம். அதே கணக்குப் போட்டா 520 கேபிபிஎஸ் சொச்சம்தான் மிஞ்சுது. அதுலயும் நம்ம படத்துல அஞ்சாறு பாட்டு, பாட்டுல அம்பது பேர் பாவாடை சுத்தி ஆடுவாங்க, பின்னாடி பூவு கொட்டும், தண்ணி தெறிக்கும், கோடெக்குக்கு இத விடக் கொடுமையான சோதனையே கெடையாது. அவங்க படத்து நீளத்துக்குப் போட்ட சட்டைய நம்ம ஆளுக்கு மாட்டிவிட்டு, பாட்டு வந்தா மங்குதேன்னு குறை சொல்லிக்கிட்டு இருந்தோம். சிடி ஒழிஞ்சே போச்சு, இன்னமும் "ஒரு படம் 700 எம்பிக்குள்ள வரட்டும்பா"ன்னு கேக்குற ஆளுங்க இருக்காங்க. பென் டிரைவு 64 ஜிபி வாங்கிட்டு வந்து குடுத்துட்டுதான் கேக்குறாங்க.

சைஸ முடிவு பண்ணிட்டு சுருக்கவே சுருக்காதீங்க. ஹேண்ட்பிரேக்குல தரத்த முடிவு பண்ற ஆர்எஃப்னு ஒரு அளவு இருக்கு, நம்பர் கொறைய கொறைய தரமும் சைஸும் ஏறும். டிவிடிக்கு நான் 20ல வைப்பேன், சில படத்துக்கு 18. பேச்சுப் படம்னா ஒரு ஜிபியில முடியும், சண்டையும் பாட்டுமா இருந்தா ரெண்டு ஜிபி தாண்டும், படத்துக்கு என்ன தேவையோ அத அது எடுத்துக்கும். ஸ்பீடு ஸ்லோவுல வைங்க. கிராபிக்ஸ் கார்டுல சுருக்குனா பத்து நிமிஷத்துல முடியுதுன்னு ஒருத்தர் பெருமையா சொன்னாரு, முடியும், ஆனா அதே தரத்துக்கு ஃபைல் பெருசா வரும், எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

18 எந்தப் படத்துக்குன்னா, எங்க வீடு வர்ற படத்துக்கு. சோதிச்சுப் பாக்கணும்னா எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், எங்க வீடுகள்ல முற்றத்தச் சுத்தின எடமான வளவுல ஒரு சீன் போதும். முகப்பத் தாண்டி உள்ள வந்தா வானவெளி பாத்த நடு முற்றத்துல மட்டும் பளீர்னு வெளிச்சம், சுத்தி பர்மா தேக்குத் தூணு, அதுக்குப் பின்னாடி பட்டாலையில இருட்டு, அந்த இருட்டுல ஒரு ஆச்சி உக்காந்து வெத்தலை மடிச்சிக்கிட்டு இருப்பாங்க. இந்த ஒரு ஃபிரேம்ல கோடெக் எங்க காசு மிச்சம் புடிக்கும்னா இருட்டுலதான். கண்ணுக்குத் தெரியாதுன்னு அதுவா முடிவு பண்ணி அங்க விவரத்த அள்ளிப் போட்டுடும், தூணு கறுப்புக் கட்டமா ஆயிரும், ஆச்சி இருக்குற எடத்துல அசையுற ஒரு மூட்டை மட்டும் இருக்கும். பழைய டியூப் டிவியில இது தெரியாது. இப்ப இருக்குற 50 இஞ்ச் டிவியில வெளிச்சத்தக் கூட்டி வச்சிக்கிட்டுப் பாக்குறாங்க, அப்பட்டமா தெரியுது. ஹேண்ட்பிரேக்குக்குள்ள இருந்து சுருக்குற எக்ஸ்264ல ஏக்யூ மோடு 3ன்னு ஒண்ணு இருக்கு, இருட்டு எடத்துக்குக் கொஞ்சம் கூடுதலா பிட்டு ஒதுக்கும், அத ஹேண்ட்பிரேக்கோட அட்வான்ஸ்டு பெட்டியில எழுதணும். அதப் போட்டு, 18லயும் வச்சு ஓட்டுனப்ப பட்டாலையில சாத்தியிருந்த ஏணி தெரிஞ்சுது. "அட, அது நம்ம ஏணிடா, ஷூட்டிங்ல தொலைஞ்சு போச்சுன்னு அப்பச்சி தேடிக்கிட்டு இருந்தாரே"ன்னு பெரியாத்தா சொன்னாங்க.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒரு சின்ன விஷயம். கிரேஸ்கேல்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், போட்டுக்கங்க. கறுப்பு வெள்ளையா இருந்தாலும் டிவிடியில லேசா பச்சையும் ஊதாவுமா கலர் அழுக்கு ஒட்டியிருக்கும், கோடெக் அதுக்கும் மெனக்கெட்டு எடம் ஒதுக்கும். டிக் போட்டா கலர மொத்தமா தொடைச்சுரும், முகம் தெளிவாயிரும்.

அடுத்தது கோடு விழுற பிரச்சினை, இதத்தான் நெறைய பேர் டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிறாங்க. டியூப் டிவி காலத்துல ஒரு படத்த ரெண்டு பாதியா அனுப்புனாங்க, ஒத்தைப்படை கோடு முதல்ல, இரட்டைப்படை கோடு அப்புறம், நொடிக்கு 50 அரைப்படம். கேமரா புடிச்ச அந்த அம்பதுல ஒரு நொடிக்குள்ள கை அசைஞ்சிருந்தா, ரெண்டு பாதியையும் ஒண்ணா சேத்துக் காட்டுற எல்சிடியில கையோட ஓரம் சீப்புப் பல்லு மாதிரி பிஞ்சு பிஞ்சு தெரியும். கல்யாண வீடியோ பூராவும் இப்படி எடுத்ததுதான். இதுக்கு ஹேண்ட்பிரேக்குல டீஇன்டர்லேஸ்ல பாப்னு போட்டு நொடிக்கு 50 ஃபிரேமா எடுங்க, மேளம் அடிக்கிறவர் கை வழுக்கிக்கிட்டு ஓடும், 25ஆ கொறைச்சா அந்த ஓட்டம் போயிரும். சினிமா அப்படி இல்லை, முழு ஃபிரேமா எடுத்தது, அதனால தேவைப்பட்ட எடத்துல மட்டும் சரி பண்ற டீகாம்ப் போதும். வெளிநாட்டுக்குன்னு அடிச்ச தமிழ் டிவிடி சிலது அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில இருக்கும், 480 கோடு, 24 ஃபிரேம இழுத்து 30 ஆக்கியிருப்பாங்க, அதுக்கு டீடெலிசின் போட்டா திரும்ப 24க்கு வந்துரும். மாத்திப் போட்டீங்கன்னா கேமரா பக்கவாட்டுல திரும்புறப்ப படம் விட்டு விட்டு ஓடும்.

பால் டிவிடியில இன்னொரு கூத்து. நொடிக்கு 24 ஃபிரேம்ல எடுத்த படத்த 25ல ஓட்டுறாங்க, அவ்வளவுதான், வேற மாத்தம் கெடையாது. 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்துல முடிஞ்சிரும். சுருதியும் ஏறும், அரைக்கட்டைக்குக் கொஞ்சம் கம்மியா. எங்க ஐயா கேட்டுட்டு "இது அந்தப் பாட்டு இல்லையே, யாரோ அவசரமா பாடுறாங்க"ன்னாரு. தியேட்டர்ல, ரேடியோவுல கேட்ட காது, அதுக்குத் தெரிஞ்சிருக்கு. இத 24க்கு எறக்கி சவுண்டையும் அதே அளவு மெதுவாக்க வழி உண்டு, ஐயாவுக்குப் புடிச்ச படங்களுக்கு மட்டும் பண்ணிக் குடுத்தேன், எல்லாத்துக்கும் பண்ண பொறுமை இல்லை.

கடைசியா, யார் பாக்கப்போறாங்கன்னு தெரிஞ்சிக்கிட்டு சுருக்குங்க. ஹெச்265ங்கிற புது கோடெக்ல பாதி சைஸ்ல வருதுன்னு நெட்டுல பாத்துட்டு வந்து கேப்பாங்க, பள்ளத்தூர் வீட்டுல இருக்குற பழைய எல்இடி டிவிக்கு அது என்னன்னே தெரியாது, "ஆதரிக்கப்படவில்லை"ன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கும். வயசானவங்க வீட்டுக்குப் போற பென் டிரைவுல எம்பி4, ஹெச்264, ஏஏசி ஸ்டீரியோ, இதுக்கு மேல புத்திசாலித்தனம் வேண்டாம். பென் டிரைவு ஃபேட்32ங்கிற பழைய ஃபார்மட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா ஏறாது, டிரைவுல எடம் காலியா இருந்தும் "எடம் இல்லை"ங்குதேன்னு போன் வர்றது இதுக்குத்தான். தமிழ்ல பேர் வச்சா சில டிவியில கட்டம் கட்டமா வரும், அதனால முன்னாடி ஒரு நம்பரும் போட்டு வைங்க, "ஏழாம் நம்பரப் போடு"ன்னா யாரும் போட்டுருவாங்க.

சவுண்டு விஷயத்துல பெரியாத்தா சொன்ன ஒரு குறை ரொம்ப நாள் என்னைக் குடைஞ்சுது. "பாட்டெல்லாம் நல்லா கேக்குது ராசா, பேசுறது ஒண்ணும் கேக்கலையே." ஆறு ஸ்பீக்கருக்குச் சவுண்டப் பிரிச்ச 5.1 டிஸ்க்கு, பேச்சு பூரா நடு ஸ்பீக்கருக்குன்னு தனியா இருக்கு, அத டிவியோட ரெண்டு பொடி ஸ்பீக்கர்ல கலக்குறப்ப பேச்சு அமுங்கி அடிதடி எகிறுது. ஹேண்ட்பிரேக்குல சவுண்டு பக்கம் டிஆர்சின்னு ஒண்ணு இருக்கு, டிவிடியோட ஏசி3 சவுண்டு டிராக்குல சின்னச் சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தக் கொறைக்கும். அத 2.5 வரைக்கும் ஏத்தி வச்சுக் குடுத்தேன். ஹோம் தியேட்டர் வச்சிருக்குறவங்க காதப் பொத்திக்குவாங்க, பெரியாத்தாவுக்கு சரியா இருக்கு.

ஒரு காலத்துல இந்த வேலைக்குப் பெரிய எதிரி கரண்ட்டு. 2012ல நம்ம பக்கம் கரண்ட் இருந்த நேரத்த எண்ணிடலாம், அப்ப ஒரு படம் சுருங்கவே ராத்திரி பூரா ஆகும், யூபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும். எம்பி4ல ஒரு கெட்ட குணம், எங்கெங்க எது இருக்குங்கிற அட்டவணைய கடைசியிலதான் எழுதும், 95 சதவீதத்துல கரண்ட் போனா அந்த ஃபைல் எதுலயும் தெறக்காது. எம்கேவி எழுதுன வரைக்கும் ஓடும். இப்பவும் பழக்கத்துல எம்கேவியில எழுதிட்டு அப்புறம்தான் எம்பி4க்கு மாத்துறேன், மாத்துறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இப்ப புதுசா ஒரு கேள்வி கெளம்பியிருக்கு, டிவிடிய ஏஐ போட்டு 4கே ஆக்கித் தர முடியுமான்னு. டிவிடியில இருக்குறதே 720க்கு 576 புள்ளி. அத ஹேண்ட்பிரேக்குல 1080க்கு இழுத்தா ஃபைல் வீங்கும், வேற ஒண்ணும் ஆகாது, இழுக்குற வேலைய டிவியே செஞ்சுக்கும். ஏஐ இழுக்குறது வேற மாதிரி, இல்லாதத அதுவா யோசிச்சு வரையுது. மலேசியாவுல இருக்குற அந்தச் சித்தப்பா மகன் நான் சொல்லச் சொல்லக் கேக்காம, அவங்க அக்கா கல்யாண வீடியோவ ஏதோ ஒரு ஆப்புல போட்டு குடும்பக் குரூப்புல அனுப்புனான். 1994 கல்யாணம், விஹெச்எஸ்ல எடுத்து அப்புறம் டிவிடிக்கு மாத்துனது. பாத்தா எல்லாருக்கும் தோல் மாவு பூசுன மாதிரி வழவழன்னு இருக்கு, வயசான ஆச்சிமாருக்குக்கூட சுருக்கம் இல்லை. திருப்பூட்டுற எடத்த நிறுத்திப் பாத்தேன், எங்க பக்கத்துத் தாலியான கழுத்துருவுல தனித்தனியா விரல் விரலா நீட்டிக்கிட்டு இருக்குற உருப்படியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஏதோ ஒரு நெக்லஸா ஆயிப்போச்சு. குரூப்புல எல்லாரும் சூப்பர் சூப்பர்னு கைதட்டிக்கிட்டு இருந்தாங்க, பெரியாத்தா மட்டும் எனக்குத் தனியா போன் போட்டு, "யாரு வீட்டுக் கல்யாணத்த அனுப்பியிருக்கான், கழுத்துரு நம்மது இல்லையே"ன்னு கேட்டாங்க. டிஸ்க்குல இருந்து நான் எடுத்து வச்சிருக்குற பழைய ஃபைலயே நாளைக்கிப் பென் டிரைவுல போட்டுக் கொண்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன், நம்பர் 12.